விழுப்புரத்தில் மாறிய யந்திரங்கள்

அருணைக்கு வந்த இருப்புப்பாதை: பதினோராம் அத்தியாயம்

வெங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவன், 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி மதுரையில், பழைய பூகோளப் படமொன்றைப் பார்த்துத் திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள ரயிலடி திண்டிவனமே என்று கணக்கிட்டு அவ்வூருக்குச் சீட்டு வாங்கியதையும், அப்படத்தில் இடம்பெறாத புதிய பாதையொன்று விழுப்புரத்திலிருந்து அண்ணாமலைக்குப் பிரிகிறது என்பதை உடன் பிரயாணம் செய்த மௌல்வி ஒருவர் சொல்லக் கேட்டு வழியில் இறங்கிக்கொண்டதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். பின்னாளில் ரமண மகரிஷியான அச்சிறுவனின் சரித்திரத்தில் இது ஒரு சிறு கட்டம். நம்முடைய சரித்திரத்திலோ பெரிய கட்டம். தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்கு அந்த மீட்டர்ப் பாதையைப் போட்ட நாள்தொட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, தெற்கிலிருந்து வருபவர்க்கும் சென்னையிலிருந்து வருபவர்க்கும் விழுப்புரமே அருணையாகிய திருவண்ணாமலையின் வாயிலாக இருந்தது. அந்த வாயிலில் மனிதர் மட்டும் வண்டி மாறவில்லை. வண்டிகளை இழுத்து வந்த யந்திரங்களும் மாறின. சென்னையிலிருந்து மின்சாரத்தால் வந்த வண்டி, விழுப்புரத்துக்கு அப்பால் நிலக்கரியின் தயவால், பின்னாளில் டீசலின் தயவால் நகர்ந்தது. அந்த மின்சார இன்ஜின்களின் கதையையும், பெரிய வண்டிகளை இழுத்து மூத்துப்போன அத்தகைய இன்ஜின்களுக்கு அன்றாடப் பிரயாணிகளின் வண்டிகளில் கிடைத்த மறுவாழ்வையும், கிடைக்காமற்போன மறுவாழ்வையும் இந்த அத்தியாயத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் மின்சார ரயில் முதன்முதலில் ஓடியது பம்பாயில், 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி. சென்னைக்கு அந்த வசதி 1931-ல் கிட்டியது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையுள்ள ஏறத்தாழ 29 கிலோமீட்டர் மீட்டர்ப் பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி இழுக்கப்பட்டு, அவ்வாண்டு மே 11-ஆம் தேதி முதல் பொதுஜனங்கள் அதில் பிரயாணம் செய்யத் தொடங்கினார்கள். மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் பட்டணத்தின் அங்கங்களாக வளர்ந்ததற்கு அந்த வண்டிகள் செய்த உபகாரத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பெட்டிகளுக்குள்ளேயே மோட்டார் பொருத்திய அந்த வண்டிகளோடு, சாமான் வண்டிகளை இழுப்பதற்கென்று நான்கு மின்சார இன்ஜின்களும் கம்பெனியாரால் வாங்கப்பட்டன என்பது மட்டும் அதிகம் பேசப்படாத செய்தி. அவற்றில் ஒரு விசேஷம் உண்டு. கம்பியில்லாத பக்கப் பாதைகளுக்குள் நுழைந்து வேலை செய்யும்பொருட்டு, மின்கலங்களை நிரப்பிய தனி வண்டியொன்று அவற்றுடன் கோக்கப்பட்டது. நீராவி இன்ஜினின் பின்னே நிலக்கரி வண்டி செல்லுமிடத்தில், இதன் பின்னே மின்சாரச் சேமிப்பு சென்றது. மின்கலத்தால் ஓடும் வாகனங்களை நேற்றுப் பிறந்த அதிசயமாகப் பேசும் நம் காலத்தவர், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அப்படியொன்று சென்னையில் வாகன்களைத் தள்ளிக்கொண்டிருந்ததை அறிந்துகொள்வது நல்லது.

அந்த நான்கும் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்தபின் வேலை இழந்தன. அதற்குக் காரணம் முதுமையன்று, கம்பியிலே ஓடிய சக்தியின் ஜாதி மாறியதுதான். சுதந்தரத்துக்குப் பின், பிரெஞ்சு நாட்டில் தேர்ச்சி பெற்ற 25,000 வோல்ட் மாறுமின்சார முறையே நாட்டுக்கு ஏற்றதென்று ரயில்வே நிர்வாகம் தீர்மானித்தது. அம்முறையில் உப மின்நிலையங்களை வெகுதூரத்துக்கு ஒன்றாக வைக்கலாம்; கம்பியின் கனமும் குறையும். அந்தத் தீர்மானத்தின்படி தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரையில் புதுக் கம்பி இழுக்கப்பட்டது. 1967-ல் கடற்கரை – தாம்பரம் பகுதியும் அம்முறைக்கு மாறிற்று. நேர்மின்சாரத்துக்கென்று பிறந்த இன்ஜினுக்கு அந்தக் கம்பியின் கீழ் ஓர் அடிகூட நகர வழியில்லை. நேர்மின்சாரக் கம்பியுள்ள மீட்டர்ப் பாதை இந்தியாவில் வேறெங்கேனும் இருந்திருந்தால் அவை அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்படியொரு பாதை இல்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இதே வழக்கு இன்னொரு தலைமுறை கழித்து இன்னொரு கூட்டத்தார்மேலும் வந்தது.

புதுக் கம்பிக்கென்று ஜப்பானிலிருந்து வந்தவை ஒய்.ஏ.எம்.-1 வகை இன்ஜின்கள். மிட்ஸுபிஷி முதலிய ஸ்தாபனத்தார் 1960-களின் நடுவில் செய்து கொடுத்த அவை மொத்தம் இருபது. சாமான் வண்டி, பிரயாணி வண்டி என்ற பேதமில்லாமல் இரண்டையும் இழுக்கத்தக்கவை. 1977-ஆம் ஆண்டு சுதந்தர தினத்தன்று வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோதும், அதற்கு முன்னும் பின்னும் தெற்கத்தி விரைவு வண்டிகள் எழும்பூரை விட்டுப் புறப்பட்டபோதும், விழுப்புரம் வரையில் முன்னே நின்றவை இவையே.

விழுப்புரத்தில் நடந்த மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் திருவண்ணாமலைக்காரர்கள் பல தலைமுறைகளாக ரயில் ஞானத்தைக் கற்ற பாடசாலை அந்த நடைமேடைதான். வண்டி நின்றதும் பாயிண்ட்மேன் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையே இறங்கி, வாக்குவம் குழாயைக் கழற்றி, கொக்கியை விடுவிப்பார்; மின்சார இன்ஜின் சத்தமில்லாமல் விலகிப் போகும்; சற்றுப் பொறுத்து, லோகோ ஷெட்டிலிருந்து ஒய்.பி. வகை நீராவி இன்ஜின் ஒன்று புகைவிட்டுக்கொண்டு பின்னோக்கி வந்து பெட்டியை மோதி நிற்கும். அம்மோதலில் மேல் பலகையிலிருந்து தகரப் பெட்டி விழுவதும், காப்பி வாங்க இறங்கியவர் ஓடிவந்து தொற்றிக்கொள்வதும் சர்வசாதாரணம். திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தங்கள் காட்பாடி வண்டி நிற்கும் நடைமேடைக்கு மூட்டைகளோடு நடப்பார்கள். விழுப்புரத்திலிருந்து அருணை சுமார் 70 கிலோமீட்டர். மாம்பழப்பட்டு, திருக்கோயிலூர், தண்டரை என்று ஒவ்வோரிடத்திலும் நின்று போகும் அந்தப் பாசஞ்சர் வண்டிக்கு மின்சாரத்தின் சம்பந்தம் விளக்கோடும் விசிறியோடும் முடிந்தது.

ஒரே பிரயாணத்தின் நடுவே மின்சாரம் போய் வேறொரு சக்தி வந்து சேரும் இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் நியூயார்க்கிலிருந்து நியூஜெர்சிக் கடற்கரை ஊர்களுக்குப் போகும் பாதையில் சவுத் அம்பாய் என்றொரு நிலையம் இருக்கிறது. அது அந்நாட்டு விழுப்புரம். நெடுங்காலம் அதுவரையில்தான் கம்பி இருந்தது, அதற்கப்பால் முதலில் நீராவி, பிறகு டீசல். அந்தப் பாதையில் காலையில் பட்டணத்துக்கு உத்தியோகத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஜனங்களின் வண்டிகளை, 1983-ஆம் ஆண்டுவரையில், அந்நாட்டின் மிகப் பெருமை வாய்ந்த மின்சார இன்ஜின்கள் தம் கிழப்பருவத்தில் இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் பெயர் ஜி.ஜி.1.

பென்சில்வேனியா ரயில்வேக் கம்பெனி 1934-க்கும் 1943-க்கும் இடையில் அந்த வகையில் 139 இன்ஜின்களைச் செய்து, நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் நகரங்களுக்கிடையே ஓடிய விரைவு வண்டிகளில் பூட்டியது. ரேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளர், ஆணி தெரியாதபடி தகடுகளைப் பற்றவைத்து வழவழப்பாக உருவாக்கச் சொன்ன அதன் மேனி, யந்திர உலகில் அழகுக்கு ஓர் உதாரணமாக இன்றும் பேசப்படுகிறது. அக்கூட்டத்தில் 4876 என்னும் எண்ணுடையதன் கதை ஒரு நாவலுக்குச் சமானம். 1953 ஜனவரி 15-ஆம் தேதி, ஐசன்ஹோவர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்குச் சில நாட்களே இருந்தபோது, பாஸ்டனிலிருந்து வந்த இரவு வண்டியை இழுத்துக்கொண்டு வாஷிங்டன் நிலையத்துக்குள் நுழைந்த அந்த இன்ஜின், பிரேக் பிடிக்காமல், பாதையின் முடிவிலிருந்த தடுப்பை இடித்துத் தள்ளி, பிரயாணிகள் நடமாடும் மண்டபத்தின் தளத்துக்குள் பாய்ந்து, அதன் பாரம் தாங்காமல் தளம் இடிந்து, கீழறைக்குள் விழுந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. பதவியேற்புக்கு வரும் கூட்டத்துக்கு இடம் வேண்டுமென்று, விழுந்த யந்திரத்தின்மேலேயே தற்காலிகத் தளம் போட்டு மூடிவிட்டார்கள். பிறகு அதைத் துண்டுகளாக வெளியே எடுத்து, அல்டூனாப் பட்டறைக்குக் கொண்டுபோய், மீண்டும் ஒன்றுகூட்டி ஓடவிட்டார்கள். அப்படி மறுபிறவி எடுத்த அந்த யந்திரமே, மேலும் முப்பது ஆண்டுகள் உழைத்து, கடைசிக் காலத்தில் சவுத் அம்பாய்ப் பாதையில் குமாஸ்தாக்களையும் பள்ளி ஆசிரியர்களையும் ஏற்றிச் சென்றது. 1983 அக்டோபர் 29-ஆம் தேதி அந்த இனம் முழுவதற்கும் ஓய்வு கொடுக்கப்பட்டது. சட்டங்களில் விரிசல் கண்டதும், மின்மாற்றியில் நிரப்பியிருந்த எண்ணெய் மனிதருக்குத் தீங்கானது என்று தெரியவந்ததும் அதற்குக் காரணங்கள்.

ஜி.ஜி.1 போனபின், அந்தப் பாதையில் வண்டி விட்ட நியூஜெர்சி நிர்வாகம் புது இன்ஜின் வாங்கியதா என்றால், அதுவும் இல்லை. ஆம்டிராக் என்னும் தேசியப் பிரயாணி ரயில் ஸ்தாபனம், அதிவேகத்துக்கென்று 1970-களில் வாங்கி, எதிர்பார்த்த வேகத்தில் தண்டவாளத்தில் நிலைகொள்ளாததால் ஒதுக்க முற்பட்ட ஈ60 என்ற வகையில் பத்தை விலைக்கு வாங்கிப் பூட்டியது. ஜி.ஜி.1-ன் இடத்தை விரைவு வண்டிகளில் பிடித்துக்கொண்ட ஏ.ஈ.எம்.-7 வகைக்கும் காலம் வந்து, அவற்றில் இரண்டை, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசே வரை புதிதாகக் கம்பி இழுத்த கால்டிரெயின் நிர்வாகம், தன் கம்பியைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று வாங்கிக்கொண்டது. பெரிய பாதையில் கழித்ததைச் சிறிய பாதை ஏற்பதென்பது அந்நாட்டில் எழுதாத சட்டம்போலும்.

பிரயாணியின் பக்கமிருந்து பார்த்தால் இது அவ்வளவு பெருமையான சட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏர் உழுது ஓய்ந்த மாட்டைச் செக்கிலே பூட்டுவதுபோல, விரைவு வண்டிக்கு உதவாததைத் தினசரி வண்டிக்குக் கொடுப்பதில், நாள்தோறும் காசு கொடுத்துப் போகிறவனைப் பற்றி நிர்வாகத்தார் கொண்டிருக்கும் அபிப்பிராயமும் கொஞ்சம் வெளிப்படத்தான் செய்கிறது. ஆனால் மின்சார இன்ஜின் விஷயத்தில் அந்தச் சிக்கனம் முழு அநியாயமாகிவிடாததற்கு யந்திர நியாயம் ஒன்று இருக்கிறது. நீராவி இன்ஜினுக்கு உயிர் கொதிகலனில். அதன் குழாய்களும் நெருப்பறையும் வெப்பத்தால் தேய்ந்தால், அந்த இன்ஜினின் ஆயுளும் தேய்ந்ததாகும். மின்சார இன்ஜினில் அப்படி ஒரே உயிர்நிலை கிடையாது. மோட்டாரின் சுருள் எரிந்தால் புதிதாகச் சுற்றலாம். பாதரசத்தால் வேலை செய்த பழைய மின்திருத்தியை எடுத்துவிட்டுச் சிலிக்கன் திருத்தியை வைக்கலாம். கம்பியைத் தொட்டு உராயும் பாண்டோகிராபின் கரித்துண்டு தேய்ந்தால் மாற்றிவிடலாம். சக்கரத்தைக் கடைந்து பயன்படுத்தி, முடியாதபோது வேறு சக்கரம் கோக்கலாம். இப்படி ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால், அடிச்சட்டம் விரியாதவரையில் யந்திரம் நாற்பது, ஐம்பது ஆண்டு உழைக்கிறது. பம்பாயில் 1928 முதல் வந்திறங்கி, போர்காட் மலைச்சரிவில் சாமான் வண்டிகளை ஏற்றி இறக்கிய சுவிட்சர்லாந்து மாதிரி இன்ஜின்கள் – மராத்தியர் அவற்றை நண்டு என்றார்கள் – 1990-களின் தொடக்கம்வரையில் நிலைய வளாகங்களில் காலிப் பிரயாணி வண்டிகளை இழுத்துக்கொண்டு திரிந்ததை இதற்குச் சாட்சியாகக் கூறலாம்.

நம் பக்கத்து அகல ரயில் பாதையிலும் இந்த மறுவாழ்வு நடந்தது. 1970 முதல் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் ஐந்நூறு வரை உருவான டபிள்யூ.ஏ.எம்.-4 வகை, நாட்டின் பெரிய எக்ஸ்பிரஸ் வண்டிகள் பலவற்றை ஒருகாலத்தில் இழுத்தது. அரக்கோணம் ஷெட்டில் அவற்றின் வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்கள் வடாற்காட்டில் அநேகர். டபிள்யூ.ஏ.பி.-4 முதலிய வேகமான வகைகள் வந்ததும், மூத்தது பாசஞ்சர் வண்டிகளுக்கு இறங்கிற்று. அதன்பின் சாமான் பாதையிலும் அதே நியதி. 6,000 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின்கள் பெருகி, மாதேபுராவில் 12,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை இன்ஜின்களும் செய்யத் தொடங்கியபின், 1980-களில் பிறந்த டபிள்யூ.ஏ.ஜி.-5 என்னும் சாமான் இன்ஜின்கள் பல, நிலையந்தோறும் நிற்கும் பிரயாணி வண்டிகளின் முன்னே தென்பட்டன. இது அப்படியொன்றும் பொருந்தாத ஏற்பாடன்று. சாமான் இன்ஜினின் பல்சக்கர அமைப்பு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, புறப்படும்போது இழுக்கும் வலுவைக் கூட்டிக்கொண்டது; எட்டுப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று மறுபடியும் கிளம்ப வேண்டிய வண்டிக்கு வேண்டியது அந்த வலுவேயொழிய உச்ச வேகமன்று. நூற்றுக்கணக்கான டன் சிமெண்டையும் நிலக்கரியையும் நகர்த்திய யந்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டி ஜனங்கள் ஒரு பொருட்டாகவும் இராது.

இனி நம்முடைய இருபது ஒய்.ஏ.எம்.-1 இன்ஜின்களின் முடிவைச் சொல்ல வேண்டும். 1990-களில் சென்னையிலிருந்து தெற்கே அகலப் பாதை வந்துகொண்டிருந்தது. பாண்டியன், வைகை எக்ஸ்பிரஸ் வண்டிகள் அகலப் பாதைக்குப் போய்விட்டன. ஒய்.ஏ.எம்.-1 இன்ஜின்கள் பிறந்ததே சென்னை, விழுப்புரம் என்ற இரண்டு ஊர்களுக்கிடையே ஓடுவதற்கு. இந்தியாவில் மின்கம்பியுள்ள மீட்டர்ப் பாதை அது ஒன்றுதான். விழுப்புரத்தில் அவற்றோடு கைமாற்றிக்கொண்ட ஒய்.டி.எம்.-4 வகை டீசல் இன்ஜின்கள் தங்களுக்குரிய எண்ணெயைத் தாங்களே சுமந்து சென்றபடியால், மலேசியாவுக்கு வாடகைக்கும், பர்மா முதலிய தேசங்களுக்குக் கொடையாகவும் விலையாகவும் கப்பலேறின. மின்சார இன்ஜின் கம்பியுள்ள இடத்தில் மட்டுமே உயிர்வாழ்வது. மீட்டர்ப் பாதை குறுகக் குறுக, மிஞ்சிய வண்டிகளைப் பகிர்ந்துகொண்டு, இறுதியில் ஒன்றுமில்லாமல் அவை நின்றன. 2004 ஜூலையில் கடைசி மீட்டர்ப் பாதைப் புறநகர் வண்டியும் ஓடி முடிந்தது.

இதில் ஒரு விசித்திரத்தை எடுத்துக் காட்டாமல் மேலே போக எனக்கு மனமில்லை. சென்னையில் மீட்டர்ப் பாதையின்மேல் 25,000 வோல்ட் கம்பிகளின் உபயோகம் அஸ்தமித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், 1995-ல், கோலாலம்பூரைச் சுற்றி ரவாங் முதல் சிரம்பான் வரையில், அதே ஒரு மீட்டர் அகலப் பாதையின்மேல், அதே 25,000 வோல்ட் கம்பியின்கீழ், புதிய புறநகர் மின்சார ரயில் தொடங்கப்பட்டது. தமிழர் குடியேறிச் சிந்திய வியர்வையால் உருவான பாதைகளில் அதுவும் ஒன்று. நம் டீசல் இன்ஜின்கள் அந்தத் தேசத்துக்குப் போய் வேலை செய்தன; நம் மின்சார இன்ஜின்கள் போகவில்லை. அங்கே ஓடியவை பெட்டிக்குள் மோட்டார் வைத்த புது வண்டிகள். சவுத் அம்பாய்க்கு ஜி.ஜி.1 கிடைத்ததுபோல் ரவாங்குக்கு ஒய்.ஏ.எம்.-1 கிடைத்திருக்கலாம் என்று காகிதத்தின்மேல் எழுதலாம். முப்பது வயது யந்திரங்களுக்கு உதிரி உறுப்புகள் தேடுவதைக் காட்டிலும் புதிதாக வாங்குவதே ஒரு பட்டணத்துக்கு மேல் என்று அந்நாட்டார் எண்ணியிருந்தால், அதைத் தவறென்று சொல்ல நமக்கும் நியாயமில்லை. எனினும், பழைய யந்திரத்தின் மறுவாழ்வு அதன் உடல்வலுவில் இல்லை, அதற்கிசைந்த பாதை வேறெங்கேனும் இருப்பதில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் நான் கண்டதில்லை.

அருணைப் பாதைக்கு வருவோம். விழுப்புரம் – காட்பாடிப் பகுதி அகலமாக்கப்படும் வேலைக்காக மூடப்பட்டு, ஊரார் சில ஆண்டுகள் பேருந்தை நம்பியிருந்து, 2010-ஐ ஒட்டி மறுபடியும் ரயிலைக் கண்டனர். பிற்பாடு கம்பியும் வந்தது. மீட்டர்ப் பாதை இருந்தவரையில் அருணைக்கு ஒருநாளும் வராத மின்சாரம், அப்பாதை மறைந்தபின் வந்து சேர்ந்தது. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வருவோர்க்கும், தீபத் திருவிழாவுக்கு வருவோர்க்கும் விடப்படும் விசேஷ வண்டிகளில் பல இப்போது மெமு வகை. மோட்டார்கள் பல பெட்டிகளில் பகிர்ந்திருப்பதால் அவை நின்ற இடத்திலிருந்து சீக்கிரம் வேகம் பிடிக்கின்றன. கடைசி நிலையத்தில் இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகும் சிரமமும் இல்லை, சாரதி மறுகோடி அறைக்கு நடந்துபோனால் போதும்.

சென்னைக் கடற்கரையிலிருந்து நேரே திருவண்ணாமலைக்கு வண்டி வேண்டுமென்று ஊரார் பல ஆண்டுகள் கேட்டார்கள். வேலூர்க் கண்டோன்மெண்டோடு நின்றுகொண்டிருந்த மெமு வண்டி, 2024 மே 2-ஆம் தேதி முதல் அருணை வரை நீட்டிக்கப்பட்டது. மாலை 6 மணிக்குக் கடற்கரையில் புறப்பட்டு நள்ளிரவில் வந்து, விடியற்காலை 4 மணிக்குத் திரும்பிப் போகும் அட்டவணையோடு அது தொடங்கிற்று. சென்னைக்கு ஐம்பது ரூபாய்க் கட்டணத்தில் போகலாம் என்றதும் ரயிலடியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அரக்கோணம், காட்பாடி, வேலூர், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் வழியாக, அதாவது பழைய வழக்கத்துக்கு நேர்மாறாக வடதிசையிலிருந்து, அது ஊருக்குள் நுழைகிறது. எழும்பூர், திண்டிவனம் வழியாக வரும் பழைய வழக்கத்தை விடாதவர்கள் விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி ஏறுகிறார்கள்.

பௌர்ணமி வண்டிகளின் வரலாற்றையும், அவை பொருட்டுத் திருவண்ணாமலை நிலையம் பட்ட மாறுதல்களையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.